பாதியில் நிற்கும் கதை: சீன மேல்நிலை மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். அதன் ஆங்கிலத் தாளில் கடைசிக் கேள்வியாக ஒரு கதை வரும். ஏறத்தாழ 350 சொல் ஓடிய பிறகு கதையை நிறுத்திவிடுவார்கள். அடுத்து வரவேண்டிய இரண்டு பத்திகளுக்கு முதல் வாக்கியம் மட்டும் அச்சிட்டிருக்கும். மீதியைச் சுமார் 150 சொல்லில் மாணவர் எழுதி முடிக்க வேண்டும். மதிப்பெண் 25.

இந்த ஒரு கேள்வி வந்தபின் இலக்கணம், வாசிப்பு, எழுத்து மூன்றையும் சீன மாணவர்கள் பழகும் விதம் எப்படி மாறியது, எந்த இடத்தில் மாற்றம் நின்றுபோனது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். 2023 ஜூனில் நடந்த தேர்வின் புதிய பாடத்திட்ட முதல் தாளை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். குவாங்டாங், ஷான்டாங், செஜியாங் உள்ளிட்ட மாகாணங்களின் மாணவர்கள் எழுதிய தாள் அது.

பின்னணி

2001-ல் சீனக் கல்வி அமைச்சகம் எடுத்த முடிவுக்குப் பிறகு, தொடக்கப் பள்ளிகள் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தொடங்கின. ஆக, மேல்நிலையின் மூன்று ஆண்டுகளையும் முடிக்கும் மாணவர் கிட்டத்தட்ட பத்து ஆண்டு ஆங்கிலம் படித்தவர். 2017-ல் வெளியாகி 2020-ல் திருத்தப்பட்ட மேல்நிலைப் பாடத்திட்டம் அவரிடம் சுமார் 3000 சொற்களை எதிர்பார்க்கிறது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே அந்தச் சொற்களுக்கு வேலையே இல்லாத ஊர்கள் சீனாவில் ஏராளம். கடையில், பேருந்தில், வீட்டில் எங்கும் ஆங்கிலம் காதில் விழாது. படித்தது எல்லாம் தாளில்தான், எழுதுவதும் தாளில்தான்.

காவ்காவின் மொத்த மதிப்பெண் 750. அதில் ஆங்கிலத்துக்கு 150, சீன மொழிக்கும் கணிதத்துக்கும் உள்ள அதே அளவு. 2023-ல் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 29 லட்சம் பேர். தாளுக்கு இரண்டு மணி நேரம். கேட்டுப் புரிந்துகொள்வதற்கு 30 மதிப்பெண், வாசிப்புக்கு 50, கோடிட்ட இடங்களை நிரப்பும் இரு பகுதிகளுக்கு 30, எழுதுவதற்கு 40. எழுத்தின் 40-ல் 15 ஒரு சிறு கடிதத்துக்கு, 25 கதையைத் தொடர்வதற்கு.

எங்கே இடிக்கிறது

சீன மொழியில் வினைச்சொல் உருமாறாது. நேற்றுப் போனாலும் நாளைக்குப் போவதாக இருந்தாலும் வினை அதே வடிவில் நிற்கும். காலத்தை மற்ற சொற்களிலிருந்தும் சில இடைச்சொற்களிலிருந்தும் கேட்பவர் புரிந்துகொள்வார். போனேன், போகிறேன், போவேன் என்று சிறு வயதிலிருந்தே வினையை மாற்றிப் பேசிப் பழகிய நமக்கு ஆங்கிலத்தின் இறந்தகாலம் பெரிய அதிர்ச்சி தராது. சீன மாணவருக்கோ ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று காலத்தைக் கவனிப்பதே புதிய வேலை. விதி தெரியாமல் இல்லை, கேட்டால் பட்டென்று சொல்வார். கதை எழுதத் தொடங்கி நாலு வரி போனதும், இறந்தகாலத்தில் ஆரம்பித்தது நிகழ்காலத்துக்குச் சறுக்கிவிடும்.

இன்னும் சில உண்டு. சீனத்தில் ஆர்ட்டிகிள் கிடையாது. 'இருந்தாலும்' என்று தொடங்கினால் 'ஆனால்' என்றும் சேர்த்துச் சொல்வது சீன வழக்கம், ஆங்கிலத்தில் அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். பல வாக்கியங்களைக் காற்புள்ளி போட்டே கோத்துக்கொண்டு போவது சீன எழுத்தில் சாதாரணம், ஆங்கிலத்தில் அது பிழை. 'நேற்று வந்த பையன்' என்று பெயருக்கு முன்னால் விவரத்தை வைக்கும் நம் பெயரெச்ச அமைப்பு சீனத்திலும் அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் பையனை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும். இந்த இடத்தில் சீன மாணவர் படும் பாட்டைத் தமிழ் மாணவர் நன்றாகவே புரிந்துகொள்வார்.

2023 தாளின் இலக்கணப் பகுதி இதற்கு நல்ல சாட்சி. ஆவியில் வேகும், உள்ளே சூடான சூப்பும் இறைச்சியும் நிறைந்த ஷியாவ்லோங்பாவ் என்ற பலகாரத்தைப் பற்றிய பத்தி அது. ஷாங்காய்தான் அதன் ஊர் என்று பேர், ஆனால் பிறந்த இடம் பக்கத்திலுள்ள நான்ஷியாங் என்கிறது பத்தி. பத்து இடங்கள் விட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். மேல்தோல் நேர்த்தியாக இருப்பதால் கிழியாமல் ஆவித் தட்டிலிருந்து எடுக்க முடியும் என்று சொல்லும் வாக்கியத்தில் 'லிஃப்ட்' என்ற வினையை அடைப்புக்குள் கொடுத்து, சரியான வடிவம் கேட்டார்கள். விடை 'டு பி லிஃப்டட்'. 'அலவ்' என்ற வினை வந்திருப்பதால் பின்னால் 'டு' வேண்டும். பலகாரம் தானாக எழுந்து வராது, யாரோ எடுக்கிறார்கள், அதனால் செயப்பாட்டு வினையும் வேண்டும். சீனத்தில் பொருளை முதலில் சொல்லிவிட்டு வினையை அப்படியே வைத்தாலும் பல நேரம் அர்த்தம் சரியாக வந்துவிடும், தனி அடையாளம் தேவைப்படாது. அதனால் இந்த இரண்டாவது படியில்தான் கால் இடறும்.

இதைச் சரியாக நிரப்பும் மாணவர் தன் சொந்தக் கதையில் இதே அமைப்பை எழுதுவாரா? பெரும்பாலும் மாட்டார். அடைப்புக்குள் ஒரு வினை உட்கார்ந்திருந்தால் 'இங்கே கவனி' என்று தாளே எச்சரிக்கிறது. சொந்த எழுத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. இலக்கணப் பயிற்சியும் எழுத்தும் தனித்தனித் தீவாகக் கிடந்ததுதான் இந்த நிகழ்வின் மூலப் பிரச்சினை.

பழைய பயிற்சி

பழைய தேசியத் தாளில் கதை தொடரும் கேள்வி இல்லை. அதற்குப் பதில் இரண்டு இருந்தன. ஒன்று, பிழை திருத்தம்: சிறு பத்தியில் பத்துப் பிழைகளை ஒளித்து வைத்து, கண்டுபிடித்துத் திருத்தச் சொல்வார்கள், 10 மதிப்பெண். மற்றது, சுமார் 100 சொல்லில் ஒரு கடிதம், 25 மதிப்பெண்.

கடிதத்தில் மாணவர் எப்போதும் லி ஹுவாதான். 'நீங்கள் லி ஹுவா என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்றே கேள்வி தொடங்கும். வெளிநாட்டு நண்பருக்கு அழைப்பு விடுப்பது, மன்னிப்புக் கேட்பது, யோசனை சொல்வது எல்லாம் லி ஹுவாவின் வேலை. தலைமுறைகள் மாறியும் லி ஹுவா இன்னும் பள்ளியில்தான் படிக்கிறார். 2023-லும் வந்தார். பேச்சுப் பயிற்சிக்காக மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டிரண்டு பேராகப் பிரிக்க வெளிநாட்டு ஆசிரியர் ரையன் நினைக்கிறார், அதில் உள்ள சிக்கலைச் சொல்லி மாற்று யோசனை தந்து மின்னஞ்சல் எழுத வேண்டும்.

இத்தகைய கடிதத்துக்கு ஒரு சட்டகம் போதும். முதல் பத்தியில் நோக்கம், நடுவில் காரணங்கள், கடைசியில் 'உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்'. சட்டகத்தை மனப்பாடம் செய்து இடையில் சொற்களை மாற்றினால் நடுத்தர மதிப்பெண் உறுதி. இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கடிதத்துக்கு ஒழுங்கு தேவைதான். ஆனால் எழுத்துப் பயிற்சி என்றாலே இதுதான் என்று ஆகிவிட்டதால், வாசித்த ஆங்கிலம் எழுத்துக்குள் வர வழியில்லாமல் போனது. நாலு வாசிப்புப் பகுதிகளை அலசி விடையைக் கட்டம் போட்டுவிட்டு, அப்புறம் அந்தப் பக்கத்தையே திரும்பிப் பார்க்காமல் கடிதத்துக்கு வருவார்கள்.

குவாங்சோவில் முளைத்த யோசனை

குவாங்சோவில் உள்ள குவாங்டாங் வெளிநாட்டு ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் வாங் சூமிங் என்ற பேராசிரியர் 1990-களின் இறுதியிலேயே இந்தப் பிரிவினையைக் கவனித்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் மாணவர்களை நிறைய எழுதவிட்டுப் பார்த்தார்கள். சொல் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் நீளமாக எழுதச் சொல்வதுதான் முறை. பிழையைப் பார்த்துப் பயப்படாமல் எழுதினால் மொழி பழகும் என்பது எண்ணம்.

2012-ல் அவர் ஒரு படி மேலே போனார். எழுதச் சொல்வதற்கு முன் படிக்கக் கொடு, ஆனால் முழுசாகக் கொடுக்காதே என்றார். இதற்கு அடியில் இருப்பது உரையாடல் பற்றிய ஒரு கண்டறிதல். இரண்டு பேர் பேசும்போது ஒருவர் பயன்படுத்திய சொல்லும் வாக்கிய அமைப்பும் தெரியாமலே மற்றவர் வாயில் வந்துவிடும். 2004-ல் மொழி உளவியல் ஆய்வாளர்களான பிக்கரிங், கேரோட் இருவரும் இதை விரிவாக எழுதியிருந்தார்கள். முடிந்துபோன கதை வாசகரிடம் எதையும் கேட்பதில்லை. முடியாத கதை கேட்கிறது. பதில் சொல்ல முயலும்போது அந்தக் கதையின் மொழி எழுதுபவரின் மொழியை இழுத்துக்கொள்ளும்.

இதைச் சோதித்த ஆய்வொன்றை வாங் மின்னும் வாங் சூமிங்கும் 2015-ல் வெளியிட்டார்கள். ஒரே மாணவர்கள் இரண்டு கதைகளை ஆங்கிலத்தில் தொடர்ந்தார்கள். ஒன்றின் முன்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது, மற்றதன் முன்பகுதி சீனத்தில். ஆங்கிலக் கதையைத் தொடர்ந்தபோது பிழைகள் குறைந்தன. எழுதியவர்கள் அதே மாணவர்கள், அவர்களுக்குத் தெரிந்த விதிகளும் அவையேதான். கண் முன்னால் சரியான ஆங்கிலம் இருந்தது மட்டுமே வித்தியாசம்.

தேர்வுச் சீர்திருத்தத்துக்கு 2014-ல் செஜியாங்கும் ஷாங்காயும் முன்னோடிகளாகத் தேர்வாயின. 2016 அக்டோபரில் செஜியாங் தாளில் இந்தக் கேள்வி முதல்முறையாக வந்தது. கணவன் டாமோடு சண்டை போட்டுக்கொண்டு காட்டில் வழி தொலைத்த ஜேன் என்ற பெண்ணின் கதை. அப்போது கதையில் சில சொற்களுக்கு அடிக்கோடு இருந்தது, அவற்றில் ஐந்துக்குமேல் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை. கதையின் மொழியை மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான கைப்பிடி அது. பின்னால் அந்த நிபந்தனை போய்விட்டது. 2020-ல் ஷான்டாங், 2021-ல் பல மாகாணங்களுக்கான புதிய முதல் தாள் என்று கேள்வி பரவியது.

2023-ன் கதை

கதை சொல்பவர் நடுநிலைப் பள்ளியில் படித்த நாட்களை நினைவுகூர்கிறார். சமூக அறிவியல் ஆசிரியர் எழுத்துப் போட்டியில் சேரச் சொல்கிறார், இவர் யோசிக்காமலே மறுக்கிறார். குடும்பம் பிரேசிலிலிருந்து வந்தது, ஆங்கிலம் இரண்டாவது மொழி, எழுதுவதென்றால் வேதனை. முன்பு டைட்டானிக் மூழ்கியது பற்றிக் கட்டுரை தர வேண்டியிருந்தபோது, எழுதுவதற்குப் பதில் எல்லா வேடத்தையும் தானே போட்டு நாடகமாக நடித்துக்காட்ட அதே ஆசிரியர் அனுமதித்திருந்தார். அன்று அவரைவிட அதிகமாகச் சிரித்தவர் யாருமில்லை. 'உன் கதைகள் எனக்குப் பிடிக்கும்' என்று ஆசிரியர் சொன்னதும் மாணவர் இறங்கிவருகிறார். 1775-ல் பிரிட்டிஷ் படை வருவதை எச்சரிக்க இரவில் குதிரையேறிப் போன பாஸ்டன்காரர் பால் ரெவியரை எடுத்துக்கொள்கிறார். அதையும் குதிரையே கதை சொல்வதாக எழுதுகிறார். ஆசிரியர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்து, 'பிரமாதம், திரும்ப எழுது' என்கிறார். மறுபடி மறுபடி எழுதுகிறார். கடைசியில் ஜெயிக்கும் நினைப்பு போய், எழுதும் மகிழ்ச்சி வந்துவிடுகிறது.

இங்கே கதை நிற்கிறது. தொடர வேண்டிய முதல் பத்தி, போட்டியைக் கிட்டத்தட்ட மறந்துபோன நிலையில் சில வாரங்கள் கழித்துச் செய்தி வந்தது என்று தொடங்கும். இரண்டாவது பத்தி, பரிசளிப்பு முடிந்து ஆசிரியரின் அறைக்குப் போனதிலிருந்து தொடங்கும்.

பத்து ஆண்டாக இரண்டாம் மொழியோடு மல்லாடிய பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதையைக் கொடுத்தவரை மனதாரப் பாராட்டுகிறேன். எழுதப் பயந்த ஒருவர் எழுத்தை விரும்பத் தொடங்கியதை, எழுதப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் லட்சக்கணக்கானவர்கள் தொடர்ந்து எழுத வேண்டியிருந்தது.

இந்த ஒரு கதையில் மூன்று பயிற்சியும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்கலாம். முதலில் வாசிப்பு. இரண்டாம் பத்தியின் தொடக்கத்தில் பரிசளிப்பு முடிந்துவிட்டது. ஆக, முதல் பத்தியில் இவர் ஜெயித்தே ஆக வேண்டும், அந்தப் பத்தி மேடையில் முடிய வேண்டும். இதைக் கவனிக்காமல் தோற்றுப்போனதாக எழுதினால் இரண்டு பத்தியும் ஒட்டாது. அடுத்து, ஆசிரியரின் சிரிப்பு. நாடகத்தின்போது சிரித்தார், கட்டுரை படித்தும் சிரித்தார். அவருடைய அறைக்குள் போகும் மாணவரை அவர் எப்படி வரவேற்பார் என்று கதையே சொல்லிவிட்டது. கண்ணீர் மல்கக் கட்டியணைக்கும் ஆசிரியர் இந்தக் கதைக்குள் வர மாட்டார்.

எழுத்து. கதையின் நடுவில் குதிரையைப் பற்றி மூன்று கேள்விகள் வருகின்றன: அது களைத்ததா, அதற்குச் சந்தேகம் வந்ததா, விட்டுவிடத் தோன்றியதா. உடனே அதே மூன்றும் மாணவரைப் பற்றிய குட்டி வாக்கியங்களாக வருகின்றன: களைத்தேன், சந்தேகம் வந்தது, விட்டுவிடத் தோன்றியது. எழுத்தின் தாளம் இந்த இடத்தில் இருக்கிறது. மேடையேறும் இடத்தில் மாணவர் இப்படி மூன்று குட்டி வாக்கியங்களை வைத்தால், அது கதையின் குரலிலேயே இருக்கும். நாலு சொல் வாக்கியத்துக்குப் பெரிய இலக்கணமும் வேண்டாம்.

இலக்கணம். ஜெயிக்கும் நினைப்பு போய் எழுதும் மகிழ்ச்சி வந்திருந்தது என்ற இடத்தில் 'ஹேட் கிவன் வே டு' என்று கதை சொல்கிறது. ஒரு செயலுக்கு முன்பே முடிந்துபோன இன்னொரு செயலைச் சொல்லும் அமைப்பு. பாடப்புத்தகத்தில் விதியாகப் படித்தபோது ஒட்டாத இந்தக் காலம், இங்கே தேவையோடு நிற்கிறது. முதல் பத்தியில் பெயரை அழைத்தபோது தான் போட்டியையே மறந்துவிட்டிருந்ததாக எழுதப் போகும் மாணவருக்கு அதே அமைப்பு வேண்டும். இரண்டு அங்குலம் மேலே பார்த்தால் இருக்கிறது.

மனப்பாடச் சரக்கு

கேள்வி வந்ததும் பயிற்சிச் சந்தை சும்மா இருக்கவில்லை. உணர்ச்சி வாரியாக அழகு வாக்கியப் பட்டியல்கள் தயாராயின. பயத்துக்கு: இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது, அச்சம் அலையாக மூடியது. மகிழ்ச்சிக்கு: கண்ணீர் கன்னத்தில் வழிந்தோடியது. முடிவுக்கு: கதிரவன் ஒளி முகத்தில் விழுந்தது. கூடவே வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பும் அமைப்புகளும், வினையெச்சம் போல முன்னால் ஒட்டும் தொடர்களும். காலை வாசிப்பு நேரத்தில் வகுப்பே சத்தமாக இவற்றை உருப்போடும்.

மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் முன்னே பின்னே ஆகும் தேர்வில், கையில் ஏதாவது இருந்தால்தான் தைரியம். தொடக்கத்தில் இருப்பவருக்குப் பத்து நல்ல வாக்கியம் தெரிந்திருப்பது நல்லதும்கூட. சிக்கல் அவற்றை இறக்கும் இடத்தில். குதிரையின் வாயால் வேடிக்கையாகக் கதை சொன்ன பிள்ளை, மேடையில் திடீரென்று 'அச்சம் அலையாக மூட' நிற்கும்போது எழுதும் குரலே மாறிவிடுகிறது. கதையின் ஆங்கிலம் எளிமையானது, ஒட்டவைத்த வாக்கியம் கனமானது, இரண்டுக்கும் நடுவில் மாணவரின் சொந்த வாக்கியம் காலம் தவறி நிற்கும். 2015 ஆய்வு காட்டிய நன்மை முழுவதும், முன்னால் இருக்கும் கதையோடு ஒத்துப்போவதிலிருந்து வந்தது. பட்டியலோடு ஒத்துப்போனால் அந்த நன்மை கிடைக்க வாய்ப்பே இல்லை. சீனாவில் இந்த மாற்றம் பாதியில் நின்ற இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

திருத்துபவர் என்ன பார்க்கிறார்? 25 மதிப்பெண்ணும் ஐந்து படிகளாகப் பிரிந்திருக்கிறது. 21 முதல் 25 வரையான மேல்படிக்கு, நிகழ்ச்சிகள் நியாயமாகவும் நிறைவாகவும் இருக்க வேண்டும், கொடுத்த கதையோடும் கொடுத்த தொடக்க வாக்கியங்களோடும் பொருந்த வேண்டும், மொழியில் வகையும் சரியும் வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும். விடைத்தாள் ஸ்கேன் ஆகித் திரையில் வருவதால் கையெழுத்துக்கும் தனிப் பயிற்சி நடக்கிறது. ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் ஊரின் பெயரால் அறியப்படும், அச்சடித்தது போன்ற உருண்டை எழுத்து நாடு முழுக்கப் பிரபலம்.

பழக வேண்டிய விதம்

ஒரு கதையை எழுதி முடித்துவிட்டு அடுத்த கதைக்கு ஓடுவதுதான் வழக்கமான பயிற்சி. நான் சொல்வேன், அதே கதையிடம் திரும்பிப் போக வேண்டும். எழுதிய 150 சொல்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்த கதையை மறுபடி படித்து, அங்கிருந்து எந்த வாக்கிய அமைப்பு நம் எழுத்துக்குள் வந்திருக்கிறது என்று கோடு போட வேண்டும். ஒன்றுமே வரவில்லையென்றால் வாசிப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் இறந்தகாலத்துக்காக மட்டும் ஒரு முறை வினைகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். காற்புள்ளியில் தொங்கும் வாக்கியங்களுக்காக இன்னொரு முறை. எல்லாப் பிழையையும் ஒரே மூச்சில் தேடினால் எதுவும் கண்ணில் படாது.

சீன மாணவர்களிடம் பிழைக் குறிப்பேடு என்ற நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. தவறிய கேள்வியை வெட்டி ஒட்டி, சரியான விடையைப் பக்கத்தில் எழுதிவைப்பார்கள். 'டு பி லிஃப்டட்' போன்ற ஒன்றை அதில் எழுதும்போது, அதே அமைப்பில் சொந்தக் கதை வாக்கியம் ஒன்றையும் கீழே எழுதினால் இலக்கணத் தீவிலிருந்து எழுத்துக்குப் பாதை கிடைக்கும். கதை சொல்பவரின் ஆசிரியர் சொன்னதுபோல ஒரே கதையைத் திரும்ப எழுதுவதும் அப்படியே. புதுக் கதை ஐந்தைவிட, ஒரே கதையின் மூன்றாவது வடிவம் காலப் பிழைகளைச் சீக்கிரம் குறைக்கும் என்று நம்புகிறேன்.

2025-ல் சிச்சுவான், சிங்ஹாய், நிங்ஷியா உள்ளிட்ட எட்டுப் பகுதிகள் புதிய காவ்காவ் முறைக்குள் வந்தன. அதுவரை பழைய தாளில் பிழை திருத்திப் பழகிய மேற்குப் பகுதி மாணவர்களும் இப்போது கதையைத் தொடர வேண்டும். கடற்கரை நகரங்களில் கிடைக்கும் ஆங்கிலக் கதைப்புத்தகங்களும் நூலகங்களும் மலைப்பகுதி மாவட்டப் பள்ளியில் கிடைப்பதில்லை. ஆனால் பழைய வினாத்தாள்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. 2016-லிருந்து வந்த தொடர்கதைகளும், ஒவ்வொரு தாளிலும் உள்ள நாலு வாசிப்புப் பகுதிகளும் பிழையில்லாத, அளவான ஆங்கிலத்தில் இருப்பவை. விடையைக் கட்டம் போட்டதும் மூடிவைக்காமல், வாசிப்புப் பகுதி ஒன்றின் கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு தானே எழுதிப் பார்க்கலாம். பிறகு கையை எடுத்து, அசலோடு வரிவரியாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதற்கு ஆசிரியர்கூடப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை.